கூட வந்தவரின் சம்பளம்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் மின்ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான சாப்பாடும்தான் சிகிச்சை என்றிருந்தபோது, டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து மாதக்கணக்கில் அங்கே வைத்திருப்பார்கள். அந்த நோயின் பெயரைச் சொல்லவே தயங்கிய தலைமுறை ஒன்று இந்த ரயில்பாதை நெடுகிலும் இருந்தது.

இன்று அதே ரயிலில் வேறொரு நோயின் ஃபைல்கள் போகின்றன. மறைமலை நகர் காமராஜர் ஸ்டேஷனில் காலையில் ஏறும் கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்தால் தெரியும். ஆபீஸ் பைகளுக்கு நடுவே ஸ்கேன் படம் மடங்கிவிடாமல் பெரிய கவரை மார்போடு அணைத்தபடி ஒருவர் நிற்பார். பக்கத்தில் தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிய பெண்ணுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்திருப்பார்கள். கிண்டியில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து, சர்தார் படேல் சாலையில் இருக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள். சிலர் எதிர்த்திசையில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து காஞ்சிபுரம் பஸ் ஏறி, காரைப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவார்கள்.

எங்கே போனாலும் கவுன்ட்டரில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “அட்டெண்டர் யாரு?”

கீமோ ஏற்றும் நாளில் கூட ஆள் இல்லாமல் வராதீர்கள் என்பார்கள். அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். மருந்துக் கடைக்கு ஓட, ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க, ரிப்போர்ட் வாங்க, எந்த மாடியில் எந்த அறை என்று தெரிந்துவைத்துக்கொள்ள ஆள் வேண்டும். மருத்துவத்துறை முழுவதும் அப்படி ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஆனால், அந்த ஆள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஏறினால், அவருடைய கம்பெனியின் சம்பளப் பிடித்தத்தில்தான் ஏறும்.

சிகிச்சை முடிந்து ஒருவர் தேறிவிட்டால் வீட்டில் நன்றிப் பட்டியல் தொடங்கும். டாக்டர் தெய்வம் மாதிரி. சிங்கபெருமாள் கோயில் நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டது பலித்தது. குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய் மொட்டை. வேளாங்கண்ணிக்கு ஒரு நடை. எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் அந்த நன்றியில் போலி கிடையாது; அதைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒரு பயாப்ஸி ரிப்போர்ட்டுக்காக ஒரு வாரம் காத்திருந்து பார்க்க வேண்டும். என் மனத்தாங்கல் வேறு. அந்தப் பட்டியலில் வராத பெயர்கள் சில உண்டு. தன் முதல் ஷிஃப்டை விட்டுக்கொடுத்து நைட் ஷிஃப்டை வாங்கிக்கொண்ட லைன் நண்பர். குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பள்ளிக்கு அனுப்பிய நாத்தனார். டியூஷனை நிறுத்திவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி வைத்த பிளஸ் டூ மகள். ‘அதெல்லாம் குடும்பத்துக்குள்ள செய்யுறதுதானே’ என்று இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறோம். அன்பு என்று பெயரிட்டுவிட்டால் அதற்குக் கணக்குப் பார்ப்பது அசிங்கம் என்றாகிவிடுகிறது. அரசுக்கும் முதலாளிக்கும் இதைவிட வசதியான பண்பாடு கிடைக்காது.

புற்றுநோய்ச் சிகிச்சையில் பெரும்பகுதி இன்று வீட்டில்தான் நடக்கிறது. மிகையாகச் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் கீமோவை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. காலையில் போய், ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், சில மணி நேரம் மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். அதில் ஒரு மருந்து சிவப்பு நிறம். அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீடே பதறிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கையோடு வரும். குமட்டல், வாய்ப்புண், நாக்கில் இரும்புச் சுவை, பிடித்த சாம்பாரின் வாசனையே பிடிக்காமல் போவது, இவையெல்லாம் மருத்துவமனையில் நடப்பதில்லை. மறைமலை நகரின் இரண்டு அறை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே நடக்கின்றன.

மருந்து ஏறிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் வெள்ளையணுக்கள் சரியும். ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்பது இந்த வீடுகளில் பால்காரருக்குக்கூடத் தெரிந்த வாக்கியம். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கவுண்ட்டை ஏற்றும் ஊசியைச் சில நாட்கள் தொடர்ந்து போடச் சொல்லியிருப்பார்கள். அதைக் குளிர்ச்சி போகாமல் கொண்டுவந்து, ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் போய் உறைந்துவிடாமல் வைத்து, தினமும் பக்கத்துக் கிளினிக் நர்ஸிடம் போட்டுக்கொண்டு வர வேண்டும். நான் போயிருந்த ஒரு வீட்டில் அலமாரிக் கதவின் உட்புறம் காலண்டர் தாளின் பின்பக்கத்தை ஒட்டி, நேரம், டெம்பரேச்சர், எத்தனை தடவை வாந்தி, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று நான்கு கட்டம் போட்டு மகள் எழுதிவந்தாள். ஒரு வார்டு நர்ஸ் செய்கிற வேலை அது. அந்தப் பெண்ணுக்கு அப்போது அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

நோயாளியை வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் சென்னை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-ல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தை அமைத்தன. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள்; மற்றவர்களுக்கு அவர்களுடைய வீட்டிலேயே, நெருக்கடியான குடிசைப் பகுதிகளிலேயே, அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, முழு ஓய்வு, நர்ஸுகளின் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு இவை எதுவும் இல்லை. 1959-ல் முடிவுகள் வெளியானபோது இரண்டு பக்கமும் குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றிவிடவும் இல்லை. அதற்குப் பிறகு உலகின் பல இடங்களில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்த ஆய்வைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதுண்டு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மையம் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. ஊழியர்கள் தொடர்ந்து வீடு தேடிப் போனார்கள். மாத்திரை எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணினார்கள். வீடு மருத்துவமனைக்கு இணையாக நின்றதற்குப் பின்னால் அந்த நடை இருந்தது. நாம் எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும். கட்டில் செலவு மிச்சம், நர்ஸ் செலவு மிச்சம், நோயாளி வீட்டுக்குப் போகட்டும். அந்த மிச்சத்தில் ஒரு பங்காவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா? காசநோயாளிக்காவது 2018 முதல் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆகியிருக்கிறது. நாடு முழுவதற்குமான அப்படியொரு சின்ன ஏற்பாடுகூடப் புற்றுநோயாளிக்கு இல்லை. கூட இருப்பவருக்கோ அப்படி எந்தப் பணமும் இல்லை.

குடும்பத்தின் துயரம் பொதுக் காரியமாக மாறியதற்குத் தமிழ்நாட்டில் இருக்கும் பெரிய உதாரணம் அடையாறு மருத்துவமனையேதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அக்காவே டாக்டராக இருந்த வீட்டில், சென்னையின் சிறந்த மருத்துவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இது நடந்தது. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பேசினார். புற்றுநோய் வந்தவர் சாகத்தானே போகிறார், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் ஆட்சியில் இருந்தவர்கள் வரைக்கும் இருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி.சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். சாந்தா 2021 ஜனவரி 19 அன்று இறக்கும்வரை அந்த வளாகத்தையே வீடாக வைத்திருந்தார்.

முத்துலட்சுமி ரெட்டி நினைத்திருந்தால் தங்கையின் நினைவாக ஒரு கல்வெட்டு வைத்திருக்கலாம். ஆண்டுதோறும் அன்னதானம் செய்திருக்கலாம். தன் வீட்டில் நடந்தது தன் வீட்டு விஷயம் மட்டும் இல்லை என்று அவர் கண்டுகொண்டதுதான் மற்றெல்லாவற்றுக்கும் மூலம். அந்தக் கண்டுகொள்ளல்தான் நம்மிடம் அடுத்த படிக்கு நகரவில்லை. நோயாளிக்கு மருத்துவமனை வேண்டும் என்பதை 1954-ல் ஒப்புக்கொண்டோம். அவரோடு வருகிறவருக்கும் ஏதாவது வேண்டும் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மறைமலை நகர் தொழிற்பேட்டை ஊர். கார் உதிரிபாகம், பிளாஸ்டிக் மோல்டிங், பேக்கிங், ஒரகடம் பக்கத்துக்கும் மகேந்திரா சிட்டிக்கும் ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள். இங்குள்ள குடும்பங்களுக்குப் பாதுகாப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்றால், தொழிலாளியிடமிருந்து 150 ரூபாயும் முதலாளியிடமிருந்து 650 ரூபாயும் அதற்குப் போகிறது. குறை சொல்வதற்கு முன் அதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். தொழிலாளிக்கே புற்றுநோய் வந்தால், குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா நாட்கள் சரியாக இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். மனைவி, குழந்தைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் சிகிச்சை உண்டு. இந்தியாவில் இதற்கு இணையான ஏற்பாடு தனியார் தொழிலாளிக்கு வேறெங்கும் இல்லை.

ஆனால் மனைவிக்கு நோய் வந்து கணவன் கூடப் போகும் நாட்களுக்கு? பூஜ்யம். அம்மாவுக்கு வந்து மகள் போகும் நாட்களுக்கு? அதுவும் பூஜ்யம். ஈ.எஸ்.ஐ.யின் நோய்க்காலப் பணம் சந்தா கட்டுகிறவரின் சொந்த உடம்புக்கு மட்டும்தான். எட்டு கீமோ, ஒவ்வொன்றுக்கும் முன்பு ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம், ‘கரண்ட் வைக்க’, அதாவது கதிர்வீச்சுக்கு, 15 நாள், இடையில் ஸ்கேன், நள்ளிரவுக் காய்ச்சல் என்று கூட்டிப் பாருங்கள். ஓராண்டில் 40 நாள் சாதாரணமாகப் போய்விடும். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைக்கும் சம்பள விடுப்போ 20 நாள் வேலைக்கு 1 நாள். ஆண்டு முழுவதும் ஒருநாள்கூடத் தவறாமல் வேலை செய்தால் 15 நாள் வரும். மிச்சமுள்ள நாட்கள் எல்லாம் ‘லாஸ் ஆஃப் பே’. கூடவே வருகை போனஸ் போகும். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று ஒரு போன் வரும். அதிலிருந்து கந்துவட்டிக்கு எத்தனை நாள் தூரம் என்பதை அந்தந்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. அது சம்பள உயர்வோடு சேர்ந்து வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், அந்தச் சந்தா அரையாண்டு முடிந்ததும் தொழிலாளி ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே. 2017-ல் வைத்த வரம்பு அது. ‘இன்க்ரிமென்ட் வந்துச்சு, ஈ.எஸ்.ஐ. போச்சு’ என்று கேன்டீனில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வெளியே வந்தவர் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம் என்றால், அங்கே குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 22,000 வாங்குகிறவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். கம்பெனி குழுக் காப்பீடு இருந்தால் பிழைத்தார். அதுவும் வேலை இருக்கும்வரைதான். 2022 ஜூலையில் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே போனதைப் பார்த்த ஊருக்கு, வேலை நிரந்தரம் என்று யாரும் பாடம் எடுக்க முடியாது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்பது உண்மை, அது பெரிய விஷயமும்கூட. ஆனால் அங்கேயும் கூட ஒரு ஆள் வேண்டும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கணவனுக்கு நோய் வந்தால் மனைவி எந்தக் கேள்வியும் இல்லாமல் வேலையை விடுவாள். மனைவிக்கு வந்தால் அவளுடைய அம்மாவோ தங்கையோ ஊரிலிருந்து பை தூக்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். ஏதோ ஒரு பெண்ணின் வேலை போயே தீரும். நூறு நாள் வேலை, வீட்டு வேலை, டெய்லரிங் என்று அந்தப் பெண் பார்க்கும் வேலைக்கு ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது, விடுப்பு என்ற பேச்சும் கிடையாது. அரசு செய்தவற்றில் இவர்களுக்கு உருப்படியாக உதவுவது 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான இலவச பஸ் பயணம்தான் என்று தோன்றுகிறது. அது இவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் கிண்டியிலிருந்து சாதாரண பஸ்ஸில் ஏறும் அம்மாவும் மகளும் டிக்கெட் காசைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள் என்பதும் அதில் இருந்தது. 1956-ல் சென்னை ஆய்வாளர்கள் வீடு வீடாக நடந்த அந்த நடையின் தொடர்ச்சி இது என்று நான் நினைக்கிறேன். கீமோ நடக்கும் வீடுகளுக்கும் அந்த நர்ஸ், கவுண்ட் இறங்கும் வாரத்தில் ஒருமுறை வந்தால் எத்தனை நள்ளிரவு ஆட்டோக்கள் மிச்சமாகும்!

கூட வருபவரின் சுமையை அரசாங்கங்களைவிட மருத்துவ ஆராய்ச்சிதான் அதிகம் குறைத்திருக்கிறது என்பது வேடிக்கைதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முன்பெல்லாம் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு கொடுத்து 15 நாளில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டின. 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வு, பொருத்தமான நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில், ஐந்து தடவையில் முடிக்கலாம் என்றது. 25 நாள் 15 ஆவதும், 15 நாள் 5 ஆவதும் நோயாளிக்குச் சௌகரியம்; மறைமலை நகரிலிருந்து தினமும் அடையாறுக்குப் போய்வரும் கணவனுக்கு ஒவ்வொன்றும் நேரடியாக இரண்டு வாரச் சம்பளம். ‘எங்களுக்கு எத்தனை நாள் கரண்ட், குறைவான நாள் முறை பொருந்துமா’ என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

குணமாவதும் ஒரே நாளில் நடக்கும் காரியமில்லை. ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று ஊர் நினைக்கும்போது, வீட்டில் பாதிதான் முடிந்திருக்கும். பலருக்கு ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் மாத்திரை தொடரும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை ரிவியூ. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்ட கை வீங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கையில் குடம் தூக்கக் கூடாது, ஊசி போடவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள் என்று சொல்லியனுப்புவார்கள். இறுகிப்போன தோள் இளகுவதற்குச் சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மெதுவாக ஏற்றும் பயிற்சி தருவார்கள். காலண்டர் தாள் ஒட்டியிருந்த அதே வீட்டில், சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு கோடுகள்; இடுப்பு உயரத்தில் தொடங்கி, இரண்டு மாதத்தில் சுவிட்ச் போர்டைத் தாண்டி, மேல் தட்டை நெருங்கியிருந்தன. கோடு போட்டது கணவர். ‘அந்தத் தட்டுலதான் மிளகாய்த் தூள் டப்பா இருக்கு, அதை அவளே எடுக்கிற அன்னிக்குத்தான் நான் சமையலை விடுவேன்’ என்றார். அந்த இரண்டு மாதமும் அவர் நைட் ஷிஃப்டில் இருந்தார். பகலில் தூக்கத்தை விட்டுச் சமைத்தார். அவருடைய உடம்பு தேறக் கோடு போடுவார் யாரும் இல்லை.

இதற்குச் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஜப்பானில் குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க வேண்டி வந்தால் தொழிலாளிக்கு 93 நாள் விடுப்பு உண்டு. அதை மூன்று தவணையாகப் பிரித்து எடுக்கலாம். சம்பளத்தில் 67 சதவீதத்தை வேலைவாய்ப்புக் காப்பீடு தருகிறது. ஜெர்மனியில் திடீரென்று பராமரிப்புத் தேவை வந்தால் 10 நாளுக்கு ஈட்டுப்பணம் தரும் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கா 1993 முதல் 12 வார விடுப்பைச் சட்டமாக்கியிருக்கிறது, சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது. பிரிட்டனும் 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று தொடங்கியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையிலும் ஒரகடம் சாலையிலும் ஜப்பானிய, ஜெர்மானியப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அதே வேலையை அங்கே செய்கிறவருக்குச் சட்டம் கொடுப்பதை, இங்கே செய்கிறவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பெற வேண்டியிருக்கிறது. நம் நாட்டிலும் மத்திய அரசின் பெண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால், அது அரசு ஊழியருக்கு, அதுவும் பிள்ளைகளுக்காக மட்டும். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் நோயாளியின் பக்கத்தில் உட்காரும் தொழிலாளிக்கு ஒரு வரி இல்லை. பழைய சட்டங்களை எல்லாம் புரட்டிப்போட்டுப் புதிதாக எழுதியபோது கிடைத்த வாய்ப்பு அது.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டும் ஒருவரின் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் ஆகியோரில் ஒருவருக்குப் புற்றுநோய் உறுதியானால், கூட இருக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 30 நாள். சாதாரண நோய்க்குத் தரும் அதே 70 சதவீத அளவில். மாதம் 20,000 சம்பளக்காரருக்கு இது ஏறத்தாழ 14,000 ரூபாய். அந்த நாட்களுக்காக அவரை வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி. பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். 2019 ஜூலையில் ஈ.எஸ்.ஐ. சந்தாவை மொத்தம் 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். முதலாளிக்கு 4.75 இருந்தது 3.25 ஆனது, தொழிலாளிக்கு 1.75 இருந்தது 0.75 ஆனது. குறைக்கும் அளவுக்கு இடம் இருந்தது என்றால், அந்தக் குறைப்பில் ஒரு துளியைத் திரும்ப எடுத்தாலே இதற்குப் போதும் என்பது என் துணிபு. மாதம் இருபது முப்பது ரூபாய் கூடுதலாகப் பிடித்தால் கேட்டில் போராட்டம் நடக்காது. ஏனென்றால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இப்படி ஒரு வீட்டைத் தெரிந்தவர் இருக்கிறார்.

பொய்ச் சான்றிதழ் வரும் என்ற பயமும் சொல்லப்படும். முதுகுவலிக்கு வரலாம். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன், கீமோ தேதிகள் எல்லாம் மருத்துவமனைப் பதிவில் இருக்கும் ஒரு நோய்க்கு அது சுலபமில்லை. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறில் பராமரிக்கப்பட்டு வருகிறது. வேறெந்த நோயையும்விட இதில் யார், எங்கே, எப்போது என்பது தெளிவாக இருக்கிறது.

புற்றுநோயாளி தனியாகப் பயணம் செய்ய முடியாது என்பதை ரயில்வே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை கையெழுத்திட்டு முத்திரை வைத்த ஒரு சான்றிதழை நம்பி ஸ்டேஷன் கவுன்ட்டரில் அதைக் கொடுக்கிறார்கள். அப்படியொரு தாளை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தின் கவுன்ட்டரும் வாங்கிக்கொண்டால் போதும்.